உணவருகே உறுமும் நாயைப் பழக்கும் முறை

கமக்காரரின் வீட்டில் நாய் ஊதியமின்றி உழைக்கும் காவலாள். இரவில் வளவைக் காப்பதும், மரவள்ளித் தோட்டத்துட் புகும் காட்டுப்பன்றியைக் குரைத்து அறிவிப்பதும், கச்சான் பாத்தியில் இறங்கும் குரங்கைத் துரத்துவதும் அதன் வேலைகளாகும். ஆயினும் வேலியைக் காக்கும் அதே நாய், சில வீடுகளில் தன் சோற்றுச் சட்டியையும் எலும்பையும் வீட்டாரிடமிருந்தே காக்கத் தொடங்குகின்றது. அருகே செல்வோரைக் கண்டு முதலில் உறுமும். பின்னர் பல்லைக் காட்டும். ஈற்றிற் கடித்தும் விடும். சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு ஏறக்குறைய நேர் உயரத்தில் இருப்பதால், பிள்ளைகளுக்கு ஏற்படும் கடி முகத்திலும் கழுத்திலும் படுவதுண்டு. ஆதலின் இக்குணத்தைச் சிறிய காரியமென விட்டுவிடுதல் ஆகாது.

இக்குணத்தை அடியினாலோ அதட்டலினாலோ நீக்க முடியாது. மனிதர் தன்னருகே வந்தால் தன் பொருள் பறிபோகும் என்று நாய் எண்ணுகின்றது. மனிதர் வந்தால் தனக்கு மேலும் கிடைக்கும் என்று அது உணருமாறு செய்துவிட்டால், காப்பதற்குக் காரணம் இல்லாது போகும். அதனைச் செய்யும் முறை இங்கு படிப்படியாகக் கூறப்படுகின்றது.

குணத்தின் காரணங்கள்

கிடைத்த உணவைப் பிறர் பறிக்காது காத்தல் நாயினத்தின் இயல்பு. அவ்வாறு காவாத விலங்கு பட்டினி கிடக்க நேரும். நாய்கள் காக்கும் பொருள்கள் பலவாகும். சோறு, எலும்பு, கருவாட்டுத் தலை, பசு ஈன்றபின் விழும் நச்சுக்கொடி, படுக்கும் சாக்கு, திருடிய கோழிக்குஞ்சு, குட்டிகள் என்பன அவற்றுட் சில.

சில நாய்களில் இவ்வியல்பு மிகுதியாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உள. போதிய உணவு கிடையாமை ஒன்று. பல குட்டிகள் ஒரே தட்டில் முட்டிமோதி உண்டு வளர்தல் மற்றொன்று. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களுக்கு ஓரிடத்தில் உணவு வைத்தல், கோழிகள் வந்து சட்டியிற் கொத்துதல், வீட்டார் அடிக்கடி உணவை எடுத்துப் பார்த்தல் என்பனவும் நாயின் அச்சத்தை வளர்க்கும். பல்வலி, காதுநோய், குடற்புழு போன்ற நோய்களும் அமைதியான நாயைச் சினங்கொள்ளச் செய்யும்.

தானே வீட்டின் தலைவன் என்பதைக் காட்டவே நாய் இவ்வாறு செய்கின்றது என்று பலர் கருதுவர். 1947 ஆம் ஆண்டில் ருடோல்ஃப் ஷெங்கல் என்பார், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து எழுதியவற்றிலிருந்து இக்கருத்துப் பரவலாயிற்று. எனினும் காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமேயன்றித் தலைமைக்குப் போராடும் கூட்டமன்று என்பதை 1999 இல் டேவிட் மெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். நாயின் நடத்தையைத் திருத்துவதற்கு இத்தலைமைக் கொள்கையை அடிப்படையாகக் கொள்ளலாகாது என அமெரிக்காவின் விலங்கு நடத்தை மிருக வைத்தியர் சங்கமும் 2008 இல் அறிவித்தது. உணவருகே உறுமும் நாய் அரசாட்சியை விரும்பி உறுமுவதில்லை. இழப்புக்கு அஞ்சியே உறுமுகின்றது.

அறிகுறிகள்

கடி முன்னறிவிப்பின்றி வந்தது என்று கூறுவோர் பெரும்பாலும் முன்னறிவிப்பைக் கவனியாதவரே. ஒருவர் அணுகும்போது நாய் முதலில் விரைந்து விழுங்கத் தொடங்கும். பின்னர் தலையைச் சட்டியின்மேற் கவிழ்த்துக்கொள்ளும். உண்பதை நிறுத்தி உடல் விறைத்து அசையாது நிற்கும். தலையைத் திருப்பாமற் கண்ணை மாத்திரம் ஒருபுறம் சாய்க்கும். அப்போது விழியின் வெண்மை தெரியும். இதன் பின்னரே உதட்டை உயர்த்தலும் உறுமலும் தோன்றும். அதற்கும் விலகாதவிடத்து வெறுங்காற்றைக் கவ்வும், முடிவிற் கடிக்கும். உடல் விறைத்தலைக் கண்டவுடனேயே விலகி நிற்பவருக்குக் கடிபடும் ஆபத்து மிகக் குறைவு.

அடித்தலால் விளையும் தீமை

அடியாத மாடு படியாது என்னும் பழமொழியை நாய்க்கும் பொருத்துவோர் பலர். உறுமிய நாயை அடித்தால் அது உறுமலை நிறுத்தக்கூடும். ஆனால் அதன் அச்சம் நீங்குவதில்லை. மனிதர் வந்தால் உணவும் போகும், அடியும் விழும் என்று அதன் ஐயம் உறுதிப்படுகின்றது. உறுமல் அபாய மணி போன்றது. மணியை உடைத்தெறிந்தவன் தீயை அணைத்தவன் ஆகான். உறுமினால் அடிவிழும் எனக் கற்ற நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு நடத்தைக் கோளாறு காரணமாகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரரிடம் நடத்திய விசாரணை 2009 இல் வெளியாயிற்று. நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களுள் நூற்றுக்கு 43 பேர், அதனால் நாய் தம்மீது சீறியதாகவோ பாய்ந்ததாகவோ கூறினர். வாயிலுள்ள பொருளைப் பலவந்தமாகப் பறிக்க முயன்றவர்களுள் நூற்றுக்கு 39 பேர் அவ்வாறே கூறினர்.

நாய் உண்ணும்போது கையை உணவுக்குள் விட்டும், சட்டியைப் பலமுறை எடுத்தும் அதனைப் "பழக்கும்" வழக்கமும் தவறானது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உண்ணும் வேளையிற் சட்டியை எடுக்கும் வீடுகளில் இக்குணம் கடுமையாகவோ அடிக்கடியோ தோன்றுதல் மிகுதியாகவும், உண்ணும் வேளையிற் சுவையான துண்டுகளைச் சேர்த்து இடும் வீடுகளிற் குறைவாகவும் காணப்பட்டது.

முதலிற் செய்யவேண்டிய ஏற்பாடு

பழக்குதல் பல வாரங்கள் எடுக்கும் காரியம். அதுவரை ஒருவருக்கும் கடிபடாதவாறு ஏற்பாடு செய்தலே முதற் கடமை.

நாய்க்குக் குசினி வாயிலிலும் பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்திலும் உணவு வைத்தலாகாது. வளவின் ஒதுக்குப்புறத்திற் கம்பிவலை அல்லது படலையால் மறிக்கப்பட்ட இடமொன்றை ஒதுக்கி, நாள்தோறும் குறித்த நேரத்தில் அங்கேயே வைத்தல் வேண்டும். உணவு போதிய அளவினதாய் இருத்தல் வேண்டும். கோழிகளும் மற்றை நாய்களும் அங்கு நுழையலாகாது. நாய் உண்டு முடித்து வெளியே வந்தபின் படலையை மூடிவிட்டே சட்டியை எடுக்க வேண்டும். பழக்கி முடியும்வரை எலும்பு கொடாதிருத்தல் நன்று. சமைத்த கோழியெலும்பு சிராய்களாக உடைந்து குடலைக் காயப்படுத்துமாதலால் அதனை எக்காலத்திலும் கொடுக்கலாகாது. பசு ஈன்றால் நச்சுக்கொடியை உடனே ஆழமாகப் புதைக்க வேண்டும். நாய் அதனைக் கவ்விக் காப்பதோடு, கருச்சிதைவை உண்டாக்கும் நோய்க்கிருமிகள் பட்டியிற் பரவுவதற்கும் அது இடந்தரும்.

உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியோடிருக்கும் நாய் ஆகியவற்றின் அருகே செல்லலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். எனினும் அதனை மாத்திரம் நம்பியிருத்தலாகாது. சிறு பிள்ளை மறக்கும், படலை மறவாது.

முறையின் அடிப்படை

உணவின் சீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் நோபெல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன்னர் ஓர் ஓசையைப் பலமுறை கேட்ட நாய், பின்னர் அவ்வோசையைக் கேட்டவுடனேயே உமிழ்நீர் சுரப்பதை எடுத்துக்காட்டினார். முன்னர் வருவது பின்னர் வருவதற்கு அடையாளமாகி விடுகின்றது.

இவ்வுண்மையைக் கொண்டு அச்சத்தையும் மாற்றலாம் என்பதை அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924 இல் வெளியிட்டார். முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவனுக்கு, அவன் விரும்பும் உணவைக் கொடுத்துக்கொண்டே, கூட்டில் அடைத்த முயலைத் தூரத்தில் வைத்துச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். நாளடைவில் அவன் முயலைத் தொட்டு விளையாடலானான். அங்கே முயல் இருந்த இடத்தில் இங்கே மனிதர் இருக்கின்றனர் என்பதே வேறுபாடு.

கவனிக்கவேண்டியவை இரண்டு. மனிதர் முதலில் தோன்ற வேண்டும், சுவையான துண்டு அடுத்து வர வேண்டும், இவ்வொழுங்கு மாறலாகாது. நாய் அஞ்சாத தூரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே நெருங்க வேண்டும்.

பழக்கும் படிகள்

பழக்குபவர் வளர்ந்தவராகவும், நாய் பெரிதும் நம்புபவராகவும் இருத்தல் வேண்டும். அவித்த கோழியீரல், அவித்த முட்டை, உப்பு நீங்க ஊறவைத்து அவித்த நெத்தலி என்பவற்றுள் ஒன்றைக் கச்சான் பருப்பளவுள்ள துண்டுகளாக்கி வைத்துக்கொள்க. வெங்காயம் சேர்ந்த கறித்துண்டு நாய்க்கு நஞ்சாகும். சட்டியில் இடுவது சுவை குறைந்த சோறாயிருக்க, கையிலிருந்து வருவது மேலான உணவாயிருத்தல் வேண்டும். நாயைக் கம்பிவலைக்கு அப்பால் விடுதல் அல்லது உறுதியான தூணிற் கட்டுதல் அவசியம். கட்டிய நாய் எட்டக்கூடிய எல்லையை நிலத்திற் சாம்பலாற் கோடிட்டுக் காட்டுதல் நன்று.

முதலாம் படி: நாய் உண்ணும்போது, அது விறைக்காமல் தொடர்ந்து உண்ணக்கூடிய தூரத்தில் நிற்க வேண்டும். இது நான்கு மீற்றராகவும் இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம். நாய் தம்மைக் கண்டபின் ஒரு துண்டைச் சட்டிக்கருகே எறிந்துவிட்டு மறைந்துவிட வேண்டும். சிறிது நேரத்தில் மீண்டும் தோன்றி மீண்டும் எறிய வேண்டும். ஒரு வேளை உணவுக்குப் பத்து முறை போதும்.

இரண்டாம் படி: மனிதரைக் கண்டவுடன் நாய் உடலைத் தளர்த்தி, வாலை இலகுவாக ஆட்டி, எதிர்பார்ப்புடன் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கும். அடுத்தடுத்து இரண்டு வேளைகளில் இவ்வாறு கண்டபின்னரே அரை மீற்றர் நெருங்க வேண்டும். இவ்வொழுங்கிலேயே தூரத்தைக் குறைத்து வருதல் வேண்டும்.

மூன்றாம் படி: சட்டியின் அருகால் நில்லாமல் நடந்து, போகும்போதே துண்டை இட்டுச் செல்ல வேண்டும்.

நான்காம் படி: சட்டியருகே ஒரு கணம் நின்று, துண்டை இட்டபின் விலக வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இப்படி வரை போதியது. நாயருகே ஒருவர் நடந்து செல்லலாம் என்பதே வேண்டப்படுவது.

ஐந்தாம் படி: சிறிது குனிந்து, நீண்ட காம்புள்ள அகப்பையாற் சட்டியில் உணவைச் சேர்க்க வேண்டும். பல நாள்களின் பின்னரே அகப்பைக்குப் பதிலாகக் கையைப் பயன்படுத்தலாம்.

ஆறாம் படி: சட்டியைச் சற்று உயர்த்தி, நல்ல துண்டொன்றை இட்டு, உடனே திருப்பி வைக்க வேண்டும். கடித்த வரலாறுள்ள நாயிடம் ஐந்தாம் படியையும் ஆறாம் படியையும் முயலலாகாது.

எந்தப் படியிலாவது நாய் விறைத்தாலோ உறுமினாலோ அதட்டாமல் அமைதியாக விலகிவிட வேண்டும். நெருங்கியது விரைவு என்பதே அதன் பொருள். அடுத்த வேளை இரண்டு படி பின்சென்று தொடங்க வேண்டும். ஒருவரிடம் பழகிய நாய் மற்றொருவரிடமும் அவ்வாறே நடக்கும் என எண்ணலாகாது. வீட்டிலுள்ள வளர்ந்தவர் ஒவ்வொருவரும் முதலாம் படியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பிள்ளைகளை இப்பயிற்சியில் ஈடுபடுத்தலாகாது.

கொடுத்து வாங்கும் பயிற்சி

எலி நஞ்சிட்ட உணவையோ பூச்சிகொல்லிப் பொதியையோ நாய் கவ்விக்கொண்டால், அதனை உடனே விடச்செய்தல் அதன் உயிரைக் காக்கும். இதற்கு 'விடு' என்னும் சொல்லை முன்னரே பழக்கி வைத்தல் நன்று.

நாய் அதிகம் மதியாத தேங்காய் மட்டைத் துண்டு போன்ற பொருளிலிருந்து தொடங்க வேண்டும். நாய் அதனைக் கவ்வியிருக்கும்போது 'விடு' என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லி, அடுத்து ஈரற் றுண்டுகள் சிலவற்றை அதன் முன்னே நிலத்தில் இடவேண்டும். நாய் மட்டையை விட்டுத் துண்டுகளை உண்ணும். பின்னர் அம்மட்டையையே அதற்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுத்தலே இப்பயிற்சியின் உயிர்நாடி. விட்ட பொருள் பெரும்பாலும் மீண்டும் வரும் என அறிந்த நாய், ஆபத்தான பொருளையும் தயங்காது விடும். பல நாள் பழகியபின் சொல்லைக் கேட்டவுடனேயே அது வாயைத் திறக்கும். பொருளின் மதிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்லலாம்.

பழகாத நாய் ஆபத்தான பொருளைக் கவ்வியிருந்தால் துரத்துதலும் வாயைப் பிடித்துத் திறத்தலும் ஆகா. கைநிறைய நல்ல உணவை அப்பால் வீசி, நாய் அங்கு சென்றபின் படலையை மூடிக்கொண்டே பொருளை எடுக்க வேண்டும். நஞ்சு உட்சென்றிருக்கலாம் என ஐயுற்றால் தாமதமின்றி மிருக வைத்தியரை நாட வேண்டும்.

குட்டிகளும் தாய்நாயும்

வந்தபின் நீக்குவதிலும் வருமுன் காத்தல் எளிது. குட்டிகளுக்குப் பால்மறப்பிக்கும் காலத்தில் ஒரே தட்டில் உணவிடாமற் பல சிரட்டைகளில் தனித்தனியே இடவேண்டும். அவை உண்ணும்போது வளர்ந்தவர் இடைக்கிடை சென்று ஒரு நல்ல துண்டைச் சேர்த்து வந்தால், மனிதரின் வரவை அவை இளமையிலேயே விரும்பக் கற்கும். குட்டியீன்ற நாய் சில வாரங்கள் எவரையும் அணுகவிடாதிருத்தல் இயல்பு. அதனைத் திருத்த முயலாமல் அமைதியான இடமும் நிறைந்த உணவும் கொடுத்தல் போதும்.

எழக்கூடிய ஐயங்கள்

உறுமும் நாய்க்கு ஈரல் கொடுத்தால் உறுமலுக்குப் பரிசளித்தது ஆகாதா என்று சிலர் வினவுவர். சரியான தூரத்திற் பயிற்சி நடந்தால் நாய் உறுமுவதேயில்லை. தவறி உறுமினாலும், அது அச்சத்தின் வெளிப்பாடு. அச்சம் குறைந்தபின் உறுமுவதற்குக் காரணம் இராது.

இவ்வாறு பழகிய நாய் காவலுக்கு உதவாது போகுமோ என்பது மற்றோர் ஐயம். படலையில் அயலாரைக் கண்டு குரைத்தல் வேறு. சட்டியருகே வீட்டாரைக் கண்டு உறுமுதல் வேறு. பின்னதை நீக்குதலால் முன்னது கெடாது.

எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு ஒரே விடையில்லை. இளநாய் சில வாரங்களிற் பழகக்கூடும். பல்லாண்டு பறிகொடுத்த நாய்க்கு மாதங்கள் செல்லலாம். குணம் தணிந்தபின்னும் இடைக்கிடை ஒரு துண்டை இட்டு வருதல் வேண்டும். குணம் போய்விட்டதா எனச் சோதிப்பதற்காகச் சட்டியைப் பறித்துப் பார்த்தல் பல நாள் உழைப்பை ஒரு நாளில் அழிக்கும்.

கடிபட்டால் செய்யவேண்டியவை

வீட்டு நாயின் சிறு கீறலாயினும் அசட்டை செய்யலாகாது. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் நன்கு கழுவிய பின்னர் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் என்பவற்றைக் காயத்தில் அப்புதல் கூடாது. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆனால் காலந்தாழ்த்தாது பெறும் தடுப்பு மருந்து அந்நோய் வாராமற் காக்கும். நாயைக் கொல்லாமல் அடைத்து வைத்து, வைத்தியர் குறிக்கும் காலம்வரை அவதானிக்க வேண்டும். எல்லா நாய்களுக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி இடுவித்தல் ஒவ்வொரு வீட்டாரின் கடமையாகும்.

அமைதியான நாய் திடீரெனச் சினங்கொண்டு, உமிழ்நீர் வடித்து, விழுங்க முடியாது தவித்து, காரணமின்றி அலைந்து கண்டதைக் கடித்தால், அது பழக்கித் திருத்தக்கூடிய குணமன்று, விசர்நோயாய் இருக்கலாம். அதனைத் தொடாமல், மனிதரையும் மாடுகளையும் அப்புறப்படுத்தி, மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். முன்னர் ஆழமாகக் கடித்த நாயையும், உறுமாமலே கடிக்கும் நாயையும் மிருக வைத்தியரின் ஆலோசனையின்றிப் பழக்க முற்படலாகாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. நாய் உண்ணுமிடத்தைப் படலையால் மறிக்க வேண்டும்; பிள்ளைகளும் கோழிகளும் அங்கு செல்லலாகாது.

2. உறுமலுக்காக அடிக்கலாகாது. அது நாய் கொடுக்கும் எச்சரிக்கை.

3. மனிதர் முதலில், நல்ல துண்டு அடுத்து. இவ்வொழுங்கு மாறலாகாது.

4. நாய் தளர்ந்த உடலோடு வரவேற்கும்போது மாத்திரம் நெருங்க வேண்டும். விறைத்தால் விலக வேண்டும்.

5. வாயிலுள்ளதைப் பறிக்கலாகாது. மேலானதைக் கொடுத்து வாங்கி, இயன்றபோதெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

6. கடிபட்டால் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நாள்தோறும் ஒரு கைப்பிடி ஈரற் றுண்டும் சில நிமிடப் பொறுமையுமே இம்முறைக்கு ஆகும் செலவு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இச்செலவை நாளைக்கென ஒத்திவைத்தல் தகாது.